முசுக்கட்டை இலைத் தேநீர்

பட்டுப்புழுவுக்கு இரையாகும் முசுக்கட்டை இலையை மனிதரும் பருகும் வழக்கம் ஜப்பான் தேசத்தில் நெடுங்காலமாக உண்டு. அதனைக் ‘குவாச்சா’ என்பர். ஈசாய் என்னும் பௌத்தத் துறவி 1211-ல் இயற்றிய ‘கிஸ்ஸா யோஜோகி’ என்ற நூலின் முதற்பாகம் தேயிலையையும், இரண்டாம் பாகம் முசுக்கட்டையின் குணங்களையும் கூறுகின்றது.

1930-ஐ ஒட்டி அந்நாட்டில் 20 லட்சத்திற்கு மேற்பட்ட குடும்பங்கள் பட்டுப்புழு வளர்த்தன. இன்றோ அவை 200-க்கும் குறைவு. தோட்டங்கள் பல பாழ்பட்டன. ஷிமானே மாகாணத்துச் சகுராயே முதலிய ஊர்களில் மேற்படி தோட்டங்களின் இலை தேநீருக்குப் பயன்படலாயிற்று.

இளந்தளிர்களைக் கழுவி, சிறிது நேரம் ஆவியில் வாட்டினால் பசுமை மாறாது. பின்பு நறுக்கி, ஈரமற உலர்த்தி, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்தல் வேண்டும். இலேசாக வறுப்பின் பச்சை வாசனை நீங்கி மணம் மிகும்.

2 கிராம் இலைக்கு 200 மில்லி லிட்டர் கொதிநீர் வார்த்து, 3 முதல் 5 நிமிஷம் மூடிவைத்து வடித்துக்கொள்க. பாலும் சர்க்கரையும் சேர்த்தால் இதன் மெல்லிய சுவை கெடும். காபியில் உள்ள காபீன் இதில் இல்லையாதலால் இரவிலும் பருகலாம்.

இவ்விலையிலுள்ள டீஆக்ஸிநோஜிரிமைசின் என்னும் பொருள், உண்ட மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறுவதைத் தாமதப்படுத்தும். ஆகவே உணவோடு பருகுதல் சிலாக்கியம். எனினும் இது மருந்துக்கு ஈடாகாது. நீரிழிவுக்கு மருந்து உண்போர், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையக்கூடுமாதலால், வைத்தியரைக் கலந்தே பருகவேண்டும்.

பட்டுப்புழு வளர்க்கும் நம் விவசாயிகள் ஒன்றை முக்கியமாய்க் கவனிக்கவேண்டும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து இலையை ஒருபோதும் தேநீருக்குப் பறிக்கலாகாது. மருந்து படாத சில செடிகளைத் தனியே ஒதுக்கி வைப்பதே உத்தமம்.