கேட்டுச் செய்யும் உதவி

தில்லியில் ஒரு வீடு. அங்கே ஓர் ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விபத்தில் அவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலியில்தான் போவார், வருவார்.

அவருக்கு உதவ ஒரு பெண் வீட்டோடு தங்கி வேலை செய்கிறார். ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். ஆசிரியையை "தீதி" என்று அழைப்பார். தீதி என்றால் அக்கா.

தீதியைக் குளிக்க வைப்பார். உடை மாற்ற உதவுவார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவார்.

தன் உடம்பை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது சின்ன விஷயமா? அதற்கு நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை எப்படி வரும்?

முதலில், கேட்டுச் செய்ய வேண்டும். "தீதி, தூக்கட்டுமா?" என்று கேட்ட பிறகே தொட வேண்டும். எதை உடுத்துவது, எப்போது சாப்பிடுவது என்பது ஆசிரியையின் முடிவு. பேச முடியாதவர் என்றால், முகத்தையும் சைகையையும் பார்த்து அறியலாம்.

அடுத்து, வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் அழுத்தத்தால் புண் வரும். உணர்ச்சி இல்லாதவருக்கு வலி தெரியாது. அதனால் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பார்கள். தோல் நிறம் மாறியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். நாற்காலிக்கு மாற்றும் முன் பிரேக் போட வேண்டும்.

ஒரு நாள் அந்தப் பெண், "தீதி, ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு வேண்டும்" என்கிறார். ஆசிரியைக்குப் பயம். "நீங்கள் போய்விட்டால் என்னை யார் தூக்குவார்கள்?" என்கிறார்.

இருவர் சொல்வதும் நியாயம்தான். இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தவருக்கு ஓய்வு வேண்டாமா? தூக்கித் தூக்கி அவருக்கும் இடுப்பு வலிக்குமே! இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டில் உள்ள மற்றவர்களும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஞாயிறு அவர்கள் முறை.

"நீ எங்கள் வீட்டுப் பெண் மாதிரி" என்று சிலர் சொல்வார்கள். அன்பு நல்லதுதான். ஆனால் அதைச் சொல்லிக் கூலியைக் குறைக்கக் கூடாது. சம்பளம், வேலை நேரம், விடுமுறை மூன்றையும் தாளில் எழுதுங்கள். படித்துப் பார்த்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. மற்றவர்களைப் போல ஊரோடு சேர்ந்து வாழ அவர்களுக்கு உரிமை உண்டு. தன் பொறுப்பில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு வேண்டுமென்றே உணவோ தண்ணீரோ தராமல் இருப்பது குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அபராதமும் உண்டு.

உங்கள் தெருவில் இப்படி உதவி பெறுபவர் இருக்கிறாரா? உதவி செய்பவர் இருக்கிறாரா? இருவரிடமும் பேசிப் பாருங்கள். யாருக்கு என்ன குறை என்று கேளுங்கள்.