விரிசலை உலோகம் தாங்கும் அளவு

ஏற்கெனவே விரிசல் கண்ட உலோகம் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைச் சொல்லும் அளவே முறிவெதிர்ப்புத் திறன். இதை அறிய, இரு துளைகளும் ஒரு வெட்டுப்பிளவும் கொண்ட சிறு துண்டு எடுக்கப்படுகிறது. ஆனால் இயந்திரம் வெட்டிய முனை, உண்மையான விரிசலோடு ஒப்பிட்டால் மழுங்கலே என்பதால், சிறு சுமையைப் பல்லாயிரம் முறை ஏற்றியிறக்கி, அங்கிருந்து கூரிய விரிசலொன்று வளர்க்கப்படுகிறது. பின்னர் துண்டு மெல்ல இழுக்கப்பட, பிளவின் வாயில் பொருத்திய அளவி அது விரிவதைப் பதிவுசெய்கிறது. முறிந்த முகத்தில், முன்பு வளர்த்த விரிசல் வழவழப்பாகவும் பின்னர் கிழிந்த பகுதி சொரசொரப்பாகவும் தெரிவதால், விரிசலின் நீளத்தை அளப்பது எளிது. அந்நீளத்தையும் விரிசல் பாய்ந்த சுமையையும் கொண்டு, ஜார்ஜ் இர்வின் 1957இல் வகுத்த தகைவுச் செறிவுக் காரணி, அதாவது விரிசல் முனையில் குவியும் தகைவின் அளவு, கணக்கிடப்படுகிறது; விரிசல் பாயும்போது உள்ள அம்மதிப்பே முறிவெதிர்ப்புத் திறன். மெல்லிய தகடு கூடுதல் எதிர்ப்பைக் காட்டி ஏமாற்றும். ஆகவே போதிய தடிமனில்லாத துண்டின் முடிவு செல்லாது.