வீட்டுக் கல்விக்கு நாலு வீடு வேண்டும்

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் இப்போது மைசூரிலும் இருக்கின்றன. என் உறவிலேயே ஒரு குடும்பம் உண்டு. ஹோம் ஸ்கூலிங் என்கிறார்கள். நாம் வீட்டுக் கல்வி என்போம். சங்கத்துக்கு வருகிறவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் கேட்பது இரண்டே கேள்விதான். "சர்டிபிகேட்டுக்கு என்ன பண்ணுவாங்க?" "பிள்ளை தனியா வளராதா?" முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்ற மத்திய அரசு அமைப்பு 1989 முதல் இயங்குகிறது. என்.ஐ.ஓ.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். 14 வயது நிரம்பிய பிள்ளை, எந்தப் பள்ளியிலும் படித்திராவிட்டாலும், அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஐந்து பாடம், தமிழையும் அதில் ஒன்றாக எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக் கல்வி என்ற பெயரே அந்தச் சட்டத்தில் கிடையாது. இந்தக் குடும்பங்கள் சட்டத்தின் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன என்று நான் சொல்வதுண்டு. வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை.

இனி தனிமை. நான் கண்டவரையில் அது பிள்ளைக்கு வருமுன் தாய்க்கு வருகிறது. காலை எட்டரைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வேனில் ஏறிப் போனபின், இவள் பிள்ளை மட்டும் வாசலில் நிற்கும். மாமியார், பக்கத்து வீட்டம்மா, ஊரிலிருந்து வரும் சித்தப்பா என்று கேள்வி கேட்க ஆயிரம் பேர். ஒன்பது வயதில் பின்னம் வரவில்லையே, பரவாயில்லையா என்று இவள் கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. வீட்டுக் கல்வியைப் பாதியில் விட்டவர்கள் பலர் பாடம் தெரியாமல் விட்டதில்லை. பேச ஆளில்லாமல் விட்டார்கள்.

அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர் 1977இல் 'குரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்' என்றொரு சிறு பத்திரிகை தொடங்கினார். அதில் பெற்றோர் கடிதங்கள் நிறைய வரும். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் குடும்பங்களின் முகவரிப் பட்டியலும் வரும். நம் மாகாணத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஹோல்ட் 1985இல் காலமான பிறகும் அது 2001 வரை வந்தது. நம் நாட்டில் உதயப்பூரில் 1998இல் சிக்ஷாந்தர் தொடங்கியது. வீட்டுக் கல்விக் குடும்பங்களுக்கென்றே ஸ்வசிக்ஷண் என்ற அமைப்பும் பின்னால் உண்டானது. எல்லாவற்றுக்கும் வேர் அந்த முகவரிப் பட்டியல்தான்.

மைசூரில் எப்படி நடந்தது? என் உறவுக் குடும்பம் பெங்களூரில் ஒரு கூட்டத்துக்குப் போய், மைசூர்க்காரர் ஒருவரைச் சந்தித்தது. ஒருவர் மூலம் ஒருவராக நாலு வீடு சேர்ந்தது: இரண்டு தமிழ் வீடு, ஒரு கன்னட வீடு, ஒரு மலையாள வீடு. வாரம் இரண்டு நாள் கூடுகிறார்கள். ஒரு நாள் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் பறவை பார்ப்பது, இன்னொரு நாள் யாராவது ஒருவர் வீட்டில். பெரியவர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைக் கொடுப்பார்கள். கன்னட வீட்டம்மா எல்லாப் பிள்ளைக்கும் கன்னடம் சொல்லிக்கொடுக்கிறார்.

எனக்குத் தெரிந்தது பாத்திர வியாபாரம். சந்தேபேட்டையில் கடை. மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் பிள்ளைகள் வருவார்கள். பழைய பித்தளை இத்தனை கிலோ, கழிவு இவ்வளவு, மீதிக்குப் புதுப் பாத்திரம் என்ன கொடுக்கலாம் என்று தராசில் நிறுத்துக் கணக்குப் போடுவார்கள். சதவீதம் அப்படித்தான் வந்தது.

ஒருமுறை எல்லோரும் சிரவணபெளகொளா போனோம். சுமார் 57 அடி உயரமுள்ள கோமடேசுவரர் சிலை, கி.பி. 981 வாக்கில் சாமுண்டராயர் செய்வித்தது. அவர் செய்வித்தார் என்ற செய்தி சிலையின் பாதத்தருகே கன்னடத்தில் மட்டுமல்ல, தமிழிலும் மராத்தியிலும் இருக்கிறது. தமிழ் வரி கிரந்தமும் வட்டெழுத்துமாக இருக்கும். "தாத்தா, இது தமிழ்னா என்னால ஏன் படிக்க முடியல?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்த ஒரு கேள்வி எங்களுக்கு ஒரு மாதப் பாடம் ஆயிற்று. மலையாளப் பையன்தான் தன் பெயரை முதலில் வட்டெழுத்தில் எழுதினான்.

இது புதுமை அல்ல. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, சீவக சிந்தாமணியில் வரும் ஜைன சமயச் செய்திகள் புரியாமல், அவ்வூர் ஜைனர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் நூல் அச்சேறியது. கல்லூரியில் ஆசிரியர், ஒரு ஜைனர் வீட்டில் மாணவர். பள்ளி என்ற சொல்லே பழைய கல்வெட்டுகளில் சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்கு வழங்கியது. ஆள் இருந்த இடத்தில் பாடம் நடந்தது, அவ்வளவுதான்.

சங்கடங்களும் உண்டு. ஒரு வீட்டில் பாடப்புத்தகமே கூடாது என்பார்கள், இன்னொரு வீட்டில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரிவரியாக நடத்துவார்கள். அடுத்தவர் பிள்ளை என்ன படித்தது என்று யாரும் கேட்கக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வேலை மாற்றல் வந்தபோது இரண்டு மாதம் கூட்டமே நடக்கவில்லை. இன்னொன்று முக்கியம். இந்தக் கூட்டம் பீஸ் வாங்கி, மணியடித்து, தினசரி நடந்தால் அது பள்ளிக்கூடம் ஆகிவிடும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 வரை என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், சம்பளம் என்று யாருக்கும் கிடையாது.

எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒருவர் சம்பாத்தியத்தில் குடும்பம் ஓட வேண்டும். பெரும்பாலும் விட வேண்டி வருவது தாயின் வேலைதான். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பள்ளிக்கூடமே நல்லது. ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இந்த நாலு வீடு உதவும். வெளி மாநிலத்தில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது பாட்டியோடு பேசும் மொழியாகச் சுருங்கிவிட்டது. சம வயதுப் பிள்ளையோடு தமிழில் சண்டை போட இடம் இல்லை. அதைக் கேள்விப்பட்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சனிக்கிழமை மாலை அனுப்பத் தொடங்கியிருக்கின்றன. கூட்டத்தில் மூத்த பெண்ணுக்கு அடுத்த ஜூனில் 14 நிரம்புகிறது. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கப்போகிறாள். சனிக்கிழமை வரும் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பதும் இப்போது அவள்தான்.