இரண்டு கட்டத்துச் சோடா

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் சோடா எழுத நாலு கட்டம் வேண்டும். தமிழில் சோ, டா என்று இரண்டே கட்டம். கல்குடாவில் பிள்ளைகளுக்குப் புதிர் போட்டுக் கொடுக்கும் எனக்கு இதைவிடப் பிடித்த சொல் குறைவு.

1913 டிசம்பர் 21இல் ஆர்தர் வின் என்பவர் 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டார். அங்கே எழுத்துக்கு ஒரு கட்டம். நமக்கோ உயிர்மெய் முழுவதும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். சொல்லோடு சொல் சந்திக்க இடம் குறைவு. 'சோ'வுக்குக் கவலையில்லை: சோறு, சோளம், சோளகம் எல்லாம் வரும். 'டா'தான் பாடுபடுத்தும். தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்காது. டாக்டரை அழைக்க வேண்டும், இல்லையென்றால் டாவில் முடியும் சொல்லைத் தேட வேண்டும். கடா, மிடா, குடா. இடமிருந்து வலம் கல்குடா என்று எழுதி, மேலிருந்து கீழாகச் சோடாவை இறக்கினால் கடைசிக் கட்டத்தில் இரண்டும் அழகாகப் பொருந்தும்.

இனிக் குறிப்பு எழுத வேண்டும். 'ஒரு பானம்' என்று எழுதினால் பால், மோர், கள் எல்லாமே இரண்டு கட்டம். பிள்ளை எதை எழுதும்? 'கலியாண வீட்டில் மூடி உடைத்துத் தருவது' என்றால் தெளிவு. நெக்டோவோ கிரீம் சோடாவோ, நமக்கு எல்லாம் சோடாதான். அந்தப் போத்தலுக்குள் இருப்பது அழுத்திக் கரைத்த காபனீரொட்சைட்டு. தண்ணீரில் இந்த வாயுவை ஏற்றிக் காட்டியவர் ஜோசப் பிரீஸ்ட்லி, 1767இல். அதே வாயுதான், புளித்த அப்பமாவில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டதும் குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. 'அப்பமாவில் ஒரு சிட்டிகை' என்ற குறிப்புக்குச் சிலர் உப்பு என்பார்கள். உப்புக்கு மூன்று கட்டம் வேண்டுமே!

நான் விரும்பி வைக்கும் குறிப்பு வேறு: 'வைக்கோலைக் கடதாசியாக்க உதவுவது'. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில் வந்தது. நெல்வயல் சூழ்ந்த இந்தப் பக்கத்து வைக்கோல்தான் அதன் மூலப்பொருள். வைக்கோலை எரிசோடாவில், அதாவது சோடியம் ஐதரொட்சைட்டில், அவித்தால் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் கரைந்துபோகும். மிஞ்சும் நார்க்கூழ்தான் கடதாசியாகிறது. யுத்தத்தில் நலிந்து ஆலை நெடுங்காலம் முடங்கிக் கிடந்ததால், இந்தக் குறிப்பில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வாருங்கள் என்று அனுப்புவேன். விடையோடு ஆலையின் கதையும் வரும். அதற்காகவே அந்தக் குறிப்பை விடமாட்டேன்.

தமிழ்நாட்டில் புதிர் போடுகிறவர் கோலியைச் சொல்லியே வேலையை முடித்துவிடலாம். ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற, வாயைக் கோலி அடைக்கும் போத்தல் அங்கே இன்னும் புழங்குகிறது. இங்கே பிள்ளைகளுக்குக் கோலி சோடா சினிமாப் பெயராகத்தான் தெரியும். அவர்களுக்கு அப்பச்சட்டியும் கடதாசி ஆலையும் போதும்.