மறுத்த முடியும் அழிந்த நகரும்

அமரர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதையாகும். நம் பாட்டனார் இதழ்களிலிருந்து கழற்றித் தைத்து வைத்திருந்த ஐந்து பாகங்களையும் பதினாறாம் வயதில் நாம் படித்தோம். ஊணும் உறக்கமும் மறந்தோம். கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகு ஈழம் நோக்கிப் புறப்பட்ட அத்தியாயத்தைப் படித்த அன்று மாலை, சிலாபத்துக் கடற்கரையில் வடதிசை நோக்கி நெடுநேரம் நின்றோம்.

அண்மையில் வகுப்பிலே மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், அநுராதபுரத்தில் பிக்குமார் இலங்கை முடியைக் கொடுத்தபோது அருள்மொழிவர்மர் வேண்டாம் என்றார். அப்படிப்பட்டவர் பிறகு ஏன் இங்கே படை அனுப்பினார்?” என்று வினவினாள். உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை.

அவள் கேட்டது மெய்யே. கதையில் முடியை மறுத்த இளவரசன், வரலாற்றில் முதலாம் இராசராசனாக அரியணை ஏறினான். 993ஆம் ஆண்டளவில் அவன் படை இலங்கையுட் புகுந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகராய்த் திகழ்ந்த அநுராதபுரம் அழிவுற்றது. பொலனறுவை சனநாதமங்கலம் எனப் பெயர் பெற்றது. இராசேந்திரன் காலத்தில், 1017இல், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழ நாட்டிலேயே மாண்டான். விகாரைகள் சூறையாடப்பட்டதைச் சூளவம்சம் துயரத்தோடு கூறுகின்றது.

அவ்வாறாயின் கல்கி கண்டது வெறும் கனவோ? அன்று. கதையில் நோயுற்ற இளவரசனை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துப் பிக்குகள் பேணுகின்றனர். அவ்விகாரம் உண்மையில் பின்னர் எழுந்தது. ஸ்ரீவிசய மன்னர் எடுப்பித்தது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் வழங்கியமைக்கு லெய்டன் செப்பேடுகள் சான்று. காலத்தை ஆசிரியர் முன்னே இழுத்தார். மன்னனின் சமயப் பொறையை இட்டுக்கட்டினாரல்லர். ஒரு கரையில் விகாரத்துக்கு ஊர் ஈந்த கையே, மறுகரையில் விகாரைகளைச் சூறையாடிய படையையும் ஏவியது. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பதுதான் நமக்கு அரிதாயிருக்கின்றது.

நம் ஊரில் முன்னேசுவரத்துச் சந்நிதியில் தமிழரும் சிங்களவரும் அருகருகே நின்று கைகூப்புகின்றனர். நாம் வெற்றியெனப் படிக்கும் அதே நிகழ்ச்சியை, அயல்வீட்டுப் பிள்ளை இழப்பெனப் படிக்கின்றது. ஆதலின் அம்மாணவியின் வினா ஏட்டோடு முடிவதன்று.

மறுநாள் அவளிடம் இவ்வாறு கூறினோம்: “பிள்ளை, அரசன் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அதைக் கதை காட்டுகிறது. எப்படி நடந்தான் என்பதை வரலாறு சொல்கிறது.”

“அப்படியென்றால் கதையை விட்டுவிடட்டுமா, சேர்?”

“வேண்டாம். இரண்டையும் படி.”

இன்றும் அந்நூலைக் கையிலெடுத்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை. ஆயினும், பிக்குகள் முடியை நீட்டும் பக்கம் வரும்போது நம் விரல் சற்றே தயங்குகின்றது. அத்தயக்கம் நம் பிள்ளைகளுக்கும் வாய்க்குமாயின் நன்று.