நோக்கியா 5110 திரையின் மறுபயன்பாடு

நோக்கியா 5110 திரை என்பது 1998-ஆம் ஆண்டு வெளிவந்த நோக்கியா 5110 கைப்பேசியில் இடம்பெற்ற ஒற்றைநிற எல்சிடி திரை ஆகும். இது கிடையாக 84, நெடுக்காக 48 என மொத்தம் 4,032 படப்புள்ளிகளைக் கொண்டது. கைப்பேசி வழக்கொழிந்த பின்னரும் வெப்பமானி, கடிகாரம், சிறு விளையாட்டுக் கருவி போன்ற பொழுதுபோக்கு மின்னணுத் திட்டங்களில் இத்திரை பயன்பட்டு வருகிறது. இதன் இயக்கிச் சில்லின் செயல்பாடு தரவுத்தாள் வழியாக வெளிப்படையாகத் தெரிந்திருப்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

மறுபயன்பாட்டுக்கு ஏற்ற திரை

பழைய கருவியிலிருந்து கழற்றிய எல்லாத் திரைகளையும் மீண்டும் இயக்கிவிட முடியாது. எளிய கணிப்பான்களின் திரை பெரும்பாலும் வெறும் கண்ணாடித் தகடே. அதை இயக்கும் சுற்று கணிப்பானின் முதன்மைச் சில்லிலேயே உள்ளது. திரவப் படிகத்துக்கு மாறுதிசை மின்னழுத்தம் தேவை. நேர்மின்னழுத்தம் தொடர்ந்து கிடைத்தால் படிகம் கெட்டுவிடும்.

சில்லுடன் கூடிய திரையிலும் அது எந்தச் சில்லு என்பது தெரிய வேண்டும். நோக்கியா 6100 கைப்பேசியின் வண்ணத்திரை இரண்டு வகைச் சில்லுகளுடன் வந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது.

5110 திரையில் இச்சிக்கல் இல்லை. அதன் கண்ணாடியிலேயே பிலிப்ஸ் நிறுவனத்தின் பிசிடி8544 சில்லு ஒட்டப்பட்டுள்ளது. படிகத்துக்குத் தேவையான கூடுதல் மின்னழுத்தத்தைச் சில்லே உருவாக்கிக்கொள்கிறது.

இணைப்பு

இன்று கடைகளில் கிடைக்கும் 5110 திரைப் பலகைகளில் பொதுவாக எட்டு முனைகள் உள்ளன: மின்வழங்கல், தரை, பின்னொளி, மீட்டமைப்பு, சில்லுத் தேர்வு, தரவு/கட்டளைத் தேர்வு, தரவு உள்ளீடு, கடிகாரத் துடிப்பு. முனைகளின் வரிசை பலகைக்குப் பலகை மாறும். எனவே பலகையில் அச்சிட்டுள்ள பெயரைப் பார்த்தே இணைக்க வேண்டும்.

சில்லின் வழங்கு மின்னழுத்தம் 2.7 முதல் 3.3 வோல்ட் வரை. உள்ளீட்டு முனைகளின் மின்னழுத்தம் வழங்கு மின்னழுத்தத்தைவிட 0.5 வோல்ட்டுக்கு மேல் கூடக் கூடாது. அர்டுயினோ ஊனோ பலகையின் முனைகள் 5 வோல்ட் தருவதால் மின்னழுத்த நிலைமாற்றியோ மின்தடைப் பகுப்பானோ இடையில் தேவை. நேரடியாக இணைத்தாலும் திரை சிறிது காலம் இயங்குவதுண்டு. அதை வைத்து இணைப்பு சரி என முடிவு செய்துவிடக் கூடாது.

மின்சாரம் வந்ததும் சில்லின் பதிவகங்களில் என்ன இருக்கும் என்பது உறுதியில்லை. ஆகையால் முதலில் மீட்டமைப்புத் துடிப்பு தர வேண்டும். அது இல்லாவிட்டால் சில்லு பழுதாகவும் வாய்ப்புண்டு எனத் தரவுத்தாள் எச்சரிக்கிறது.

நினைவகம்

சில்லின் நினைவகம் 504 பைட்டு. திரை மேலிருந்து கீழாக ஆறு பட்டைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பட்டையிலும் 84 பைட்டுகள் உள்ளன. ஒரு பைட்டின் எட்டு பிட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எட்டுப் படப்புள்ளிகளைக் குறிக்கும்.

இச்சில்லில் எழுத மட்டுமே முடியும், திரும்பப் படிக்க முடியாது. ஒரே ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமானாலும் அதே பைட்டின் மற்ற ஏழு புள்ளிகளின் நிலை தெரிய வேண்டும். எனவே நிரல்கள் திரையின் முழுப்படியை நுண்கட்டுப்படுத்தியிலேயே வைத்துக்கொள்கின்றன. ஊனோவின் 2,048 பைட்டு நினைவகத்தில் ஏறத்தாழ கால்பங்கு இதற்கே போய்விடும்.

தமிழ் எழுத்துகள்

நிரல் நூலகங்களில் வழக்கமாக உள்ள எழுத்துரு ஆங்கிலத்துக்கு உரியது. இடைவெளியுடன் சேர்த்து ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளி அகலம் என்பதால், வரிக்கு 14 எழுத்துகள் வீதம் ஆறு வரிகள் அமையும்.

தமிழ் எழுத்துகளின் சுழிகளும் வளைவுகளும் அவ்வளவு சிறிய கட்டத்தில் தெளிவாக அமையா. 16 × 16 புள்ளிக் கட்டம் எடுத்துக்கொண்டால் வரிக்கு ஐந்து எழுத்துகள் வீதம் மூன்று வரிகள் கிடைக்கும். ஓர் எழுத்துக்கு 32 பைட்டு. 247 எழுத்துகளுக்கும் 7,904 பைட்டு. ஊனோவின் இயங்கு நினைவகத்தில் இது அடங்காது. ஆனால் 32 கிலோபைட்டு நிரல் நினைவகத்தில் அடங்கும்.

எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்து வைத்தால் இடம் இன்னும் குறையும். அப்போது வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ ஒற்றைக்கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் துணைக்காலை இறுதியிலும் வரைய வேண்டும்.

வழக்கமான பழுதுகள்

திரை வெறுமையாகவோ முழுதும் கருப்பாகவோ தெரிந்தால் அது பெரும்பாலும் மாறுபாட்டு அமைப்பின் கோளாறு. இதற்கான எண் ஒன்று கூடினால் படிகத்தின் மின்னழுத்தம் 0.06 வோல்ட் கூடும். 60 என அமைத்தால் ஏறத்தாழ 6.7 வோல்ட் கிடைக்கும். 8.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

திரை சரியாக இயங்காவிட்டால், கண்ணாடிக்கும் பலகைக்கும் இடையிலுள்ள கடத்தும் ரப்பர் பட்டை நழுவியிருக்கலாம் அல்லது அழுக்கேறியிருக்கலாம். திரையைத் தூக்கி எறியும் முன், அதைத் துடைத்து மீண்டும் பொருத்திப் பார்ப்பது நல்லது.