கப்பல் பயணிகளைப் படுக்கவைக்கும் வாந்தி-பேதி கிருமி! ஒரு தடவை வந்தாலும் விடாது!

உல்லாசக் கப்பல் பயணிகளைக் கூட்டங்கூட்டமாக வாந்தி-பேதியில் தள்ளும் 'ஆசாமி' யார் தெரியுமா? நோரோ வைரஸ்!

'ஆசாமி' பிடிபட்ட கதை சுவையானது. 1968-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் நார்வாக் நகரில் ஒரு பள்ளிக்கூடம். மாணவர், ஆசிரியர்களில் பாதிப்பேர் இரண்டே நாளில் படுத்துவிட்டார்கள். கிருமியோ தலைமறைவு!

1972-ல் டாக்டர் ஆல்பர்ட் கபிகியான் வலை வீசினார். நோய் வந்து தேறியவரின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளை, நோயாளியின் மல மாதிரியில் கலந்தார். அது கிருமிகளைக் கொத்தாகச் சேர்த்துப் பிடித்தது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் 'குட்டு' வெளிப்பட்டது!

ஆனால் இந்தக் காவல் நிரந்தரமில்லை. சில வருஷங்களில் பலம் குறையும். கிருமியும் வேஷம் மாற்றும். 'எனக்குத்தான் ஏற்கனவே வந்துபோச்சே' என்று இருந்துவிடாதீர்கள். சானிட்டைசர் மட்டும் போதாது. சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்!